மூலையில் இரண்டெழுத்து

ஏழாம் வார்டின் பெரிய சிஸ்டருக்கு ஹெட்மாஸ்டர் என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. நேருக்கு நேர் அப்படிக் கூப்பிட்டுவிட்டு அதே வார்டில் யாராவது வேலை பார்க்க முடியுமா என்ன? ஆனால் காலையில் மாடிப்படியில் அவளுடைய செருப்புச் சத்தம் கேட்டதுமே, "ஹெட்மாஸ்டர் வந்தாச்சு" என்று ஒரு வாய் மறுவாய்க்குச் சொல்லிவிடும். கலைந்து கிடக்கும் போர்வைகள் நேராகும், மேஜையில் இருக்கும் டீ டம்ளர்கள் மறையும். அவளுக்கும் அந்தப் பெயர் தெரியும். உள்ளூர அதில் ஒரு பெருமைகூட உண்டு.

பெருமைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இருபத்து நான்கு கட்டில்கள் கொண்ட பெண்கள் வார்டு அது. நர்ஸுகளும் ஆயாக்களும் எட்டு நாளைக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருப்பார்கள். ராத்திரி வேலைக்கு எந்த வார்டிலிருந்து யார் வருவார்கள் என்று அந்த ஆண்டவனுக்கே தெரியாது. வருகிறவர்கள் இருபத்து நான்கு ஃபைலையும் புரட்டிப் படித்துவிட்டா ஊசியைக் கையில் எடுப்பார்கள்? அதற்காகத்தான் பெரிய சிஸ்டர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு தகரச் சட்டம். அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கார்டு. பெயர், வயது, டாக்டர், சேர்ந்த தேதி, மதம் என்று வழக்கமான வரிகள் நீல மையில் இருக்கும். வலது மேல் மூலை மட்டும் அவளுடைய ராஜ்யம். அங்கே சிவப்பு மையில் ஓரிரு எழுத்து. 'ச' என்றால் சர்க்கரை. 'உ' என்றால் உப்பு ஆகாது. 'த' என்றால் தனியாக நடக்க விடாதே, விழுந்துவிடுவாள். புதிதாக வருகிற ஒவ்வொருத்தியிடமும் முதல் நாளே அவள் ஒரு பாடம் நடத்துவாள்.

"நடுவுல எழுதியிருக்கறது டாக்டருக்கு. மூலை நமக்கு. மூலையில எழுத்து இருந்தா அதை மீறக் கூடாது. மூலையில ஒண்ணும் இல்லைன்னா அது சாதாரண பெட். புரிஞ்சுதா?"

எல்லோருக்கும் புரிந்தது. மூலையைத் தவிர அந்தக் கார்டில் வேறெதையும் யாரும் பார்ப்பதே இல்லை என்கிற அளவுக்குப் புரிந்தது.

அந்த மூலையில் எழுதப்படுவதில் ஒன்றுதான் 'வி.கா.'

நித்திய விடிவுக்குக் காத்திருப்போர் திருக்கூட்டம் என்பது ஒரு சிறிய சபை. ஊரில் மிஞ்சிப் போனால் முந்நூறு குடும்பம் இருக்கும். அவ்வளவு நீளமான பெயரைச் சொல்ல யாருக்குப் பொறுமை? எல்லோருக்கும் அவர்கள் 'வீக்கா'தான். யாருக்கும் வம்பு செய்யாத ஜனங்கள். விடிவதற்கு முன்னால் எழுந்து, கிழக்கே பார்த்து, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். சூரியனின் விளிம்பு தெரிந்த பிறகு ஒரு வாய் தண்ணீர், அப்புறம்தான் பேச்சு. என்றைக்கோ ஒருநாள் வரப்போகிற அந்த விடிவு இன்றைக்கே வந்துவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் காத்திருப்பது அவர்களுடைய நம்பிக்கை. சாகக் கிடக்கிறவர்களுக்கு இது இன்னும் கறார். சுவருக்கும் திரைக்கும் பின்னால் கிடந்து உயிர் போகக் கூடாது, முகத்துக்கு நேரே விடிய வேண்டும்.

பெரிய சிஸ்டருக்கு அந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஆனால் பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு வீக்கா பெண்மணி, கட்டிலைச் சுவரோரம் போட்டுவிட்டார்கள் என்று ஒரு பகல் முழுக்க அழுததை அவள் பார்த்திருக்கிறாள். அழுதுகொண்டே அடுத்த நாள் போய்ச் சேர்ந்ததையும் பார்த்திருக்கிறாள். அன்றைக்குத்தான் மூலையில் அந்த இரண்டெழுத்து வந்தது. அந்த எழுத்து இருந்தால் கிழக்கு ஜன்னல் கட்டில். ஐந்து மணிக்குத் திரையை விலக்கிவிட வேண்டும். சூரியன் தெரிகிறவரை ஊசி, தெர்மாமீட்டர், அரட்டை எதுவும் கிட்டே போகக் கூடாது. இது எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. அவளாகச் செய்தது.

பன்னிரண்டாம் கட்டிலுக்கு ஒரு வீக்கா அம்மா வந்தபோதும் அப்படித்தான் எழுதினாள்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நுரையீரல் இரண்டும் கெட்டுப் போயிருந்தது. இன்னும் நாலைந்து நாள் தாண்டினால் அதிசயம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வந்ததும் வராததுமாக அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, கிழக்கு எந்தப் பக்கம் என்பதுதான்.

"இதோ, இந்தப் பக்கம்தாம்மா. ஜன்னலோரமே போட்டிருக்கேன்."

"ஜன்னல் சீட்டா!" அந்த அம்மா மூச்சு வாங்கச் சிரித்தார். "பஸ்ஸுல கூட எனக்கு அந்தக் குடுப்பினை இருந்ததில்ல."

பெரிய சிஸ்டருக்கு அந்தச் சிரிப்பு பிடித்துப் போயிற்று. இரண்டு விடியல் அந்த அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். எந்தக் குறையும் இல்லை. மூன்றாம் நாள் மாலைதான் வெளியூர் வேலைக்குப் போயிருந்த மகன் வந்து சேர்ந்தான்.

மகன் லிஃப்ட் மெக்கானிக். நாற்பது வயதிருக்கும். கிரீஸ் படிந்த நீல அங்கியோடு நேராக வந்துவிட்டிருந்தான். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தவன், நிமிர்ந்தபோது கார்டைப் பார்த்தான்.

"சிஸ்டர், இது என்ன?"

"எது தம்பி?"

"மூலையில இந்த ரெண்டெழுத்து."

"அதுவா? நீங்க வீக்கான்னு தெரியறதுக்கு" என்றாள் அவள், பக்கத்துக் கட்டிலுக்கு மாத்திரையை எண்ணிக்கொண்டே.

நிமிர்ந்து பார்த்தபோது அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"எங்களுக்குப் பேர் ஒண்ணு இருக்கு சிஸ்டர். நித்திய விடிவுக்குக் காத்திருப்போர் திருக்கூட்டம். முழுசாச் சொன்னா வாய் வலிக்குமா?"

"தம்பி, இங்க எல்லாமே சுருக்கம்தான். சர்க்கரைக்கு 'ச', உப்புக்கு 'உ'..."

"எங்கம்மா சர்க்கரையா, உப்பா? நாங்க என்ன வியாதியா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. அந்த அம்மா மகனின் அங்கியைப் பிடித்து இழுத்தார். "விடுடா. நம்மளே அப்படித்தானே சொல்லிக்கறோம். எனக்கு ஜன்னல் இருக்கு, அது போதும்."

"நாம சொல்லலாம்மா. அவங்க சொல்லக் கூடாது." அவன் குரல் தணிந்துதான் இருந்தது, அதுதான் இன்னும் உறுத்தியது. "சிஸ்டர், ஸ்கூல்ல என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. டேய் வீக்கா, அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் மாசம் என் டூல் பெட்டி மேல பெயிண்ட்ல இதே ரெண்டெழுத்தை எழுதி வெச்சாங்க. கீழே இன்னொரு வார்த்தையும் இருந்துச்சு. அதை உங்ககிட்டச் சொல்ல மாட்டேன். அந்தப் பெட்டியை இன்னிக்கும் நான் அந்தப் பக்கத்தை மறைச்சுத்தான் தூக்கிட்டுப் போறேன். இப்ப எங்கம்மா தலைமாட்டுல அதையே, அதுவும் சிவப்புல எழுதி மாட்டியிருக்கீங்க."

இந்த இடத்தில் பெரிய சிஸ்டர் அந்த எழுத்து எதற்கு என்று விளக்கமாகச் சொல்லியிருக்கலாம். அந்த எழுத்தால்தான் ஜன்னல், அந்த எழுத்தால்தான் திரை திறக்கிறது என்று நாலு வார்த்தை. அரை நிமிஷ வேலை. ஆனால் இருபத்து மூன்று நோயாளிகளும் அவர்களைப் பார்க்க வந்தவர்களும் வேடிக்கை பார்க்க, முகத்தில் அடித்தாற்போல ஒருவன் கேள்வி கேட்டால் ஹெட்மாஸ்டருக்கு விளக்கம் வருமா? கோபம்தான் வந்தது.

"பதினோரு வருஷமா எழுதறேன். உங்க ஆளுங்க யாரும் இதுவரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்ல."

"சொல்ல பயமா இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு அவன் கண்காணிப்பாளர் அறை எங்கே என்று கேட்டான்.

கண்காணிப்பாளர் எந்த வம்பும் தன் மேஜைக்கு வராமல் பார்த்துக்கொள்வதிலேயே தலை நரைத்த மனிதர். வந்துவிட்டால், அன்றைக்கே அதை ஃபைலுக்குள் போட்டு மூடிவிட வேண்டும் அவருக்கு. மறுநாள் காலையில் பெரிய சிஸ்டரைக் கூப்பிட்டு, மெக்கானிக் எழுதிக் கொடுத்திருந்த புகாரை அவள் பக்கம் தள்ளினார்.

"ஏம்மா, தேவையா இது? மதத்தைப் பத்திச் சுருக்கெழுத்து எதுவும் இனிமே கார்டுல வேண்டாம். எழுதினா முழுசா எழுதுங்க. இல்லாட்டி விட்டுடுங்க."

"சார், அந்த எழுத்து அவங்களுக்காகத்தான். அதைப் பாத்துத்தான் ஜன்னல் திறக்கறாங்க. நோயாளியைக் கிண்டல் பண்ணவா நான் எழுதறேன்?"

"நான் இல்லைன்னு சொல்லலியே. திறக்கறதுக்கு வேற ஏதாவது வழி பாருங்க. அந்த எழுத்து மட்டும் வேண்டாம்." ஒரு தாளை நீட்டினார். "இதுல ஒரு கையெழுத்து. இனிமேல் இப்படி நடக்காதுன்னு."

முப்பது வருஷ சர்வீஸில் அப்படி ஒரு தாளில் அவள் கையெழுத்துப் போட்டதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு போட்டாள். வராந்தாவில் நடந்து வரும்போது காது இரண்டும் சுட்டது. யாருக்காக இத்தனை வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தோம்? நன்றி வேண்டாம், இந்த அவமானமாவது இல்லாமல் இருக்கக் கூடாதா? அவளுக்கு அழுகை வந்தது. ஹெட்மாஸ்டர் வராந்தாவில் அழ முடியாது. அதனால் அது வீம்பாக மாறிற்று.

வார்டுக்கு வந்ததும் புதுக் கார்டு ஒன்றை எடுத்தாள். மெல்லிய முனைப் பேனாவாகத் தேடி எடுத்தாள். மதம் என்ற வரியில் ஒரு விரல் நீளம்தான் இடம். நித்திய விடிவுக்குக் காத்திருப்போர் திருக்கூட்டம் என்று ஓர் எழுத்துக் குறையாமல் எழுதினாள். எழுத்துகள் எறும்பு வரிசை போல இருந்தன. கண்ணாடி போட்டவர்கள்கூட மூக்கை வைத்துத்தான் படிக்க வேண்டும். மூலையை வெள்ளையாக விட்டாள்.

பகல் வேலை ஆயாம்மா வாளியும் துடைப்பமுமாக அதை எட்டிப் பார்த்தாள். "மூலையில ஒண்ணும் போடலியா சிஸ்டர்?"

"போடக் கூடாதாம். ஆர்டர்."

"அப்ப நைட்டுக்கு வர்றவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"படிக்கத் தெரிஞ்சவங்கதானே வர்றாங்க? படிக்கட்டும்."

ஆயாம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். ஹெட்மாஸ்டர் அந்தக் குரலில் பேசினால் மேலே பேசுகிறவர்கள் அந்த வார்டில் இல்லை.

அன்று மத்தியானத்திலிருந்து அந்த அம்மாவின் நிலைமை இறங்கிக்கொண்டே போயிற்று. முகத்தில் ஆக்ஸிஜன் முகமூடி மாட்டினார்கள். பேச்சு நின்றுவிட்டது. முப்பது வருஷம் ஊர் முழுக்க "யார் வேணும்? லைன்ல இருங்க" என்று கேட்ட குரல் அதோடு அடங்கியது. நாலு மணி சுமாருக்கு பெரிய சிஸ்டர் முகமூடியைச் சரிசெய்யக் குனிந்தபோது, அந்த அம்மா ஒரு விரலைத் தூக்கி ஜன்னலைக் காட்டினார். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தார்.

"சரிம்மா" என்றாள் பெரிய சிஸ்டர். "திறந்திருக்கும்."

பார்வை நேரத்துக்கு மகன் வந்தான். கார்டுக்கு முன்னால் குனிந்து, செல்போன் வெளிச்சத்தைப் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாகப் படித்தான். திரும்பியபோது கண் கலங்கியிருந்தது.

"ரொம்ப நன்றி சிஸ்டர். நேத்து நான் கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன்."

"அதனாலென்ன சார். ஆர்டர்."

நேற்றுவரை தம்பி, இன்றைக்கு சார். அவனுக்கும் அது புரிந்திருக்கும். ஐந்து மணி வரை அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பெண்கள் வார்டில் ராத்திரி ஆண்கள் தங்க முடியாது. காலை ஏழு மணிக்குத்தான் மறுபடி விடுவார்கள். போகும்போது ஜன்னலை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போனான்.

பெரிய சிஸ்டரும் ஐந்து மணிக்குக் கிளம்பினாள். ராத்திரி நர்ஸ் ஏழு மணிக்குத்தான் வருவாள். குழந்தைகள் வார்டிலிருந்து யாரோ ஒருத்தியை அனுப்புவதாகத் தகவல். அவளுக்கென்று ஒரு சீட்டு எழுதி மேஜையில் வைக்கலாம். வைக்கவில்லை.

வீட்டில் அவளுடைய கணவர் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர். நாள் பூராவும் அடுத்தவன் காலடியில் உயிரை வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பதால், லேசில் பதறாத மனிதர். அவள் நடந்ததை ஆதியோடந்தமாகச் சொன்னாள். கையெழுத்துப் போட்டதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"உனக்கு அவமானமாத்தான் இருந்திருக்கும். அந்தப் பையனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்."

"நீங்க யார் பக்கம்?"

"நான் இஸ்திரி பக்கம்." அவர் சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டார். "சரி, அந்தம்மாவுக்கு நாளைக்கு ஜன்னல் திறப்பாங்களா?"

"கார்டுல முழுப் பேரும் இருக்கே. படிச்சா தெரியும்."

"மூலைன்னு ஏதோ சொல்லுவியே. அதுல ஒரு சூரியன் படம் போட்டிருக்கலாம். இல்ல, ஜன்னல்னே எழுதியிருக்கலாம். அதுக்கு எந்த ஆர்டரும் குறுக்கே நிக்காதே."

புதுக் கார்டை எடுத்தபோதே அது அவளுக்குத் தோன்றியிருந்தது. தோன்றியதை அவள் அப்போதே ஒதுக்கித் தள்ளியிருந்தாள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள் அல்லவா, வேண்டாமென்றே இருக்கட்டும்.

"படம் வரையவா எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க?" என்றாள்.

"அப்ப ஒரு போன் போட்டுச் சொல்லிடு. எந்தக் குழந்தை வார்டுக்காரியோ, அவளுக்கு என்ன தெரியும்?"

அவள் செல்போனை எடுத்தாள். வார்டு எண்ணைத் திரையில் கொண்டுவந்தாள். அழுத்தினால் போதும். அழுத்தினால் தான் தோற்றுப் போனதாக ஆகிவிடும் என்று, யாரிடம் என்று தெரியாமலேயே, அவளுக்குத் தோன்றிற்று.

"காலையில நானே சீக்கிரமாப் போய்த் திறந்துக்கறேன்" என்று சொல்லிப் போனைக் கீழே வைத்தாள்.

அலாரத்தை மட்டும் மாற்றி வைக்கவில்லை.

மறுநாள் அவள் மாடிப்படியில் ஏறும்போது மணி ஆறு பத்து. படி திரும்புகிற இடத்தில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அதன் வழியே வெயில் விழுந்து எதிர்ச் சுவரில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கட்டம் கிடந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குச் சுரீரென்றது. மீதிப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள்.

பன்னிரண்டாம் கட்டில் ஜன்னலின் பச்சைத் திரை இழுத்து மூடியிருந்தது. குழந்தைகள் வார்டு நர்ஸ் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஆக்ஸிஜன் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு அம்பதுக்கு சிஸ்டர். டாக்டர் வந்து பாத்துட்டுப் போயிட்டார். அமைதியாத்தான் போயிட்டாங்க."

சூரியன் ஐந்து நாற்பதுக்கு உதித்திருக்கும். பத்து நிமிஷம். பெரிய சிஸ்டர் நர்ஸின் பக்கம் திரும்பினாள்.

"திரை ஏன் மூடியிருக்கு?"

"பதினொண்ணாம் பெட் அம்மாவுக்கு வெளிக் கம்பத்து லைட் கண்ணைக் குத்துதாம். நேத்து நான் வந்ததும் மூடச் சொன்னாங்க. நான் கார்டைப் பாத்தேன் சிஸ்டர். மூலையில ஒண்ணும் இல்ல. சாதாரண பெட்டுதானேன்னு மூடினேன்." அவள் பெரிய சிஸ்டரின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "போன தடவை இங்க வந்தப்ப நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

"ஆமா. நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"அஞ்சு மணிக்கு மேல ரெண்டு மூணு தடவை கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினாங்க. ஊசி குத்தின இடம் வலிக்குது போலன்னு நெனச்சேன். கையைப் பிடிச்சு போர்வைக்குள்ள வெச்சு அமுக்கிட்டேன். தப்பா சிஸ்டர்?"

"உன் மேல தப்பில்ல. நீ போம்மா."

நர்ஸ் போனதும் அவள் திரையை இழுத்துத் திறந்தாள். வெயில் தடையில்லாமல் உள்ளே வந்து அந்த அம்மாவின் முகத்தில் விழுந்தது. கண்ணை யாரோ மூடியிருந்தார்கள். எத்தனையோ சாவைப் பார்த்த மனுஷி, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிடக் கையை நீட்டியவள், நீட்டியபடியே நின்றுவிட்டாள். அப்புறம் போய் மகனுக்குப் போன் செய்தாள்.

இருபது நிமிஷத்தில் அவன் வந்துவிட்டான். அன்றைக்கும் அதே நீல அங்கி. யாரும் தடுக்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்று அம்மாவைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், முகத்தில் விழுந்த வெயிலைப் பார்த்தான். அவன் தோள் தளர்ந்து இறங்கியது. ஏதோ ஒரு பெரிய பாரத்தை இறக்கி வைத்தவன்போல மூச்சு விட்டான்.

"பாத்துட்டுத்தான் போயிருக்காங்க" என்றான்.

அவன் தகரச் சட்டத்திலிருந்து கார்டை மெல்ல உருவினான். "இதை நான் எடுத்துக்கலாமா சிஸ்டர்? எங்க ஆளுங்க பேரை ஒரு ஆஸ்பத்திரியில முழுசா எழுதி நான் பாத்ததில்ல. அந்தப் புகாரை இன்னிக்கே வாபஸ் வாங்கிடறேன். உங்களுக்கு நன்றின்னு எழுதிக் குடுத்துட்டுப் போறேன்."

அவ்வளவுதான், முடிந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மகன் நிம்மதியாகப் போவான், கண்காணிப்பாளர் ஃபைலை மூடுவார், அவள் போட்ட கையெழுத்துகூட ஒருவேளை கிழிக்கப்படும். தெரிந்தவள் ஒருத்தி, குழந்தைகள் வார்டுக்காரி. அவளுக்கும் என்ன நடந்தது என்று முழுதாகத் தெரியாது.

"தம்பி" என்றாள் பெரிய சிஸ்டர். "அம்மா பாக்கல."

அவன் நிமிர்ந்தான்.

"திரை மூடியிருந்துச்சு. நான் வந்துதான் திறந்தேன். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு."

"ஏன்?" என்றான். கோபமாகக் கேட்கவில்லை. புரியாமல்தான் கேட்டான்.

அன்றைக்குச் சொல்லாததை அவள் இப்போது சொன்னாள். மூலை எதற்கு, அந்த இரண்டெழுத்தைப் பார்த்தால் வார்டில் என்னென்ன நடக்கும், பதினோரு வருஷத்துக்கு முன்னால் அழுத அந்தப் பெண்மணி, எல்லாம். அவன் கார்டையே பார்த்துக்கொண்டு கேட்டான். விரல்கள் அதன் வெள்ளை மூலையைத் தடவிக்கொண்டிருந்தன.

"அப்ப அந்த ரெண்டெழுத்து இருந்திருந்தா திறந்திருப்பாங்க."

"திறந்திருப்பாங்க."

அவன் முகம் மாறியதை அவள் பார்த்தாள். நான்தானே அதை அழிக்கச் சொன்னேன் என்று அவன் கணக்குப் போடுவது அப்பட்டமாகத் தெரிந்தது. இந்த மனுஷன் இனி சாகிறவரைக்கும் இதைச் சுமப்பான்.

"நில்லுங்க தம்பி. நீங்க கேட்டது தப்பில்ல. எங்க வார்டுல அந்த எழுத்துக்கு ஒரு அர்த்தம், உங்க பெட்டி மேல வேற அர்த்தம். எனக்கு அது தெரியாது, நீங்க சொல்லித்தான் தெரிஞ்சுது. வேற வழி பாருன்னு எனக்குச் சொன்னாங்க. ஜன்னல்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா போதும். போன்ல சொல்லியிருந்தா போதும், நம்பரைக் கூட எடுத்தேன். உங்க மேல இருந்த கோவத்துலதான் அதைச் செய்யாம விட்டேன். முழுப் பேரை எறும்பு மாதிரி எழுதினதும் மரியாதைக்கில்ல. வேணும்னேதான் எழுதினேன்."

அவன் வெகுநேரம் அந்தக் கார்டைப் பார்த்தான். பிறகு அதைத் தகரச் சட்டத்திலேயே செருகினான்.

"இதையும் நான் எழுதிக் குடுப்பேன்" என்றான்.

"எழுதிக் குடுங்க." அவள் மேஜையிலிருந்து தாளும், தன் சட்டைப் பையிலிருந்து பேனாவும் எடுத்து நீட்டினாள். "எதையும் சுருக்காம எழுதுங்க."

அவன் கட்டிலோரத்து ஸ்டூலில் உட்கார்ந்து, தாளை முழங்காலில் வைத்து எழுத ஆரம்பித்தான். சபையின் பெயருக்கே ஒரு வரி போயிற்று. திரை, மூலை, போன் என்று வரிசையாக எழுதிக்கொண்டு போனான். அரைப் பக்கம் தாண்டியதும் நிமிர்ந்தான்.

"வேற ஏதாவது இருக்கா?"

இல்லை என்று சொல்லத்தான் அவளுக்கு வாய் வந்தது. எதையும் சுருக்காதே என்று சொன்னதும் அதே வாய்தான்.

"அஞ்சு மணிக்கு மேல ரெண்டு மூணு தடவை கையைத் தூக்கிக் காட்டியிருக்காங்க" என்றாள். "அந்தப் பொண்ணுக்குப் புரியல. கையைப் பிடிச்சு போர்வைக்குள்ள வெச்சுட்டா. என்கிட்ட சாயங்காலமே காட்டினாங்க தம்பி. எனக்குப் புரிஞ்சுது. திறந்திருக்கும்னு சொல்லிட்டுத்தான் போனேன்."

பேனா அப்படியே நின்றது. அவன் அதைத் தாளோடு தரையில் வைத்தான். போர்வைக்குள் கையை விட்டு அம்மாவின் கையைத் தேடி எடுத்து, வெளியே, ஜன்னல் பக்கமாக, வெயிலில் வைத்தான். அது சரிந்துவிடாமல் தன் கையை அதற்குக் கீழே கொடுத்துக்கொண்டான்.

கடிதத்தை முடிக்க அவனுக்கு இன்னும் அரைமணி நேரம் ஆனது. அதுவரை பெரிய சிஸ்டர் கட்டிலின் கால்மாட்டிலேயே நின்றுகொண்டிருந்தாள்.